நாற்பத்தோராவது விருந்தாளி

காலை ஐந்தரை மணிக்கு நான் செய்யும் முதல் வேலை, செவிப்பொறியின் மேல் படிந்த உப்பைத் துடைப்பது. மரத்துக்கு வரும் உயிர்களின் குரலைக் கேட்டுப் பதியும், உள்ளங்கை அளவுள்ள சாம்பல் நிறப் பெட்டி அது; உகா மரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டியிருக்கும். பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து அதன் வலைக்கண்களைத் துடைத்துவிட்டு, உடனே நாற்பது அடி தள்ளி வந்துவிட வேண்டும். மாசி முதல் வைகாசி வரை, பழக்காலத்தில், மனிதர் யாரும் மரத்தடியில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் அது பழக்கம்.

எங்கள் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. வாசலில் 'நாற்பத்தொரு உயிர் வீடு' என்று பித்தளைப் பலகை இருந்தது. தபால் ட்ரோனுக்கும் அதுதான் முகவரி. என் தாத்தா மாட்டிய பலகை. அவர் காலத்திலிருந்து அந்த எண் குறைந்திருக்கவில்லை.

கடல் ஏறி வந்து பழைய ஊர்களை எடுத்துக்கொண்ட பிறகு கரை மீட்புச் சட்டம் வந்தது. மிஞ்சிய கரை முழுவதும் பறவைக்கும் விலங்குக்கும் சொந்தம் என்று எழுதினார்கள். மனிதர்கள் முப்பது கிலோமீட்டர் உள்ளே, மேட்டுநகருக்குப் போனார்கள். எங்கள் தென்திட்டில் ஏழு குடும்பங்களுக்கு மட்டும் விலக்கு. ஏழு குடும்பங்களும் தலைமுறையாகக் காத்து வந்த ஏழு நாட்டு மரங்கள் இங்கே பிழைத்திருந்தன. அவற்றுக்கு வரும் உயிர்களை உபசரிக்கிறவர்களாக நாங்கள் இருக்கலாம் என்று அனுமதித்தார்கள். எங்களுக்கு மரக்குடிகள் என்று பெயர் வந்தது. எந்த மரத்துக்கு எத்தனை வகை உயிர் வருகிறதோ, அதுதான் அந்தக் குடியின் உயரம். கோயிலில் முதல் பரிவட்டம் அந்த வரிசையில்தான். திட்டுக்காரர்கள் சாதியை மறந்து இரண்டு தலைமுறை ஆகிறது, அந்த நாற்காலியில் இது வந்து உட்கார்ந்துகொண்டது என்று மேட்டுநகரில் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று இருந்தேன்.

உகா மரத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். உயரமான மரமில்லை. வளைந்து, முறுக்கிக்கொண்டு, மணலில் படுத்து எழுந்த மாதிரி நிற்கும். சதைப்பற்றுள்ள இலை. உப்புத் தண்ணீர் வேரில் நின்றாலும் வாடாது. புயல் கிளையை ஒடித்தால் ஒடித்த இடத்துக்குக் கீழே நாலு கிளை விடும். பழம் மிளகு அளவுதான் இருக்கும். இளஞ்சிவப்பு நிறம், இனிப்போடு கடுகு போல ஒரு காரம். வேறு எதுவும் பழுக்காத வறண்ட மாதங்களில் இது பழுக்கும். அதனால் குயில் வரும், கொண்டைக்குருவி வரும், பழந்தின்னி வௌவால் வரும். உதிர்ந்ததைத் தின்ன நரி வரும். இலையை மேய வெளிமான் வரும். ஆரஞ்சு முனைச் சிறகுள்ள ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சி இந்த இலையைத் தவிர வேறெதிலும் முட்டையிடாது. எல்லாம் சேர்த்து நாற்பது. நாற்பத்தோராவது சூறைக்குருவி.

அது நம் ஊர்ப் பறவையில்லை. வடக்கே, மலைகளுக்கு அப்பால் உள்ள புல்வெளி நாட்டில் குஞ்சு பொரித்து, குளிருக்கு இங்கே வந்து, திரும்பிப் போகும் முன் உகாப் பழம் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும். கருப்புத் தலை, ரோஜா நிற உடம்பு. கூட்டமாகத்தான் வரும்.

ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசிக் கடைசியில், வாசிப்பு நாள். மேட்டுநகரிலிருந்து வாசிப்பாளர் வந்து ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, செவிப்பொறி கேட்ட குரல்களின் பட்டியலைச் சத்தமாக வாசிப்பார். ஏழு குடிகளும் கூடவே நடக்கும். பொறி ஒவ்வொரு உயிருக்கும் உறுதி, இல்லை, ஐயம் என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும். கரையில் கேமராவுக்கு அனுமதியில்லை. உயிர்களின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது முதல் விதி. ஆகவே ஐயம் என்று வந்தால், குடித்தலைவர் வலது கையை மரத்தில் வைத்து 'வந்தது' என்றோ 'வரவில்லை' என்றோ சொல்வார். அவர் சொன்னதே பதிவு. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எங்களை மனிதர்களாக மதித்த இடம் அது ஒன்றுதான்.

போன ஆண்டு வாசிப்பாளராக வந்தவள் நிறைமதி. முப்பது வயதிருக்கும். முதலில் குஞ்சிதபாதத்தின் பூவரசு. அவர் எனக்கு அத்தை மகன், பக்கத்து வீட்டுக்காரர். அவர் பட்டியலில் மாங்குயில் ஐயம் என்று வந்தது. அவர் கையை மரத்தில் வைத்தார்.

"வரவில்லை" என்றார். பிறகு, "குரல் மாதிரி ஒண்ணு கேட்டுச்சும்மா. கண்ணால பாக்கல. பாக்காததச் சொல்லக் கூடாது" என்றார். இருபத்தொன்பது இருபத்தெட்டானது.

"என்ன மச்சான், விருந்தாளி கோவிச்சுக்கிட்டாரா?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல மச்சான். உங்க வீட்டுப் பந்தியில பாயசம் உண்டுன்னு கேள்விப்பட்டு எடம் பிடிக்கப் போயிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் மரத்தடியில் நாற்பது உயிர்களும் உறுதி. நிறைமதி கடைசி வரிக்கு வந்தாள்.

"சூறைக்குருவி. ஐயம்." நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, வந்ததா?"

கையை மரத்தில் வைத்தேன். "வந்தது" என்றேன்.

நான் அப்படிச் சொன்னது அது ஆறாவது ஆண்டு. முதல் ஆண்டு நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பழக்காலத்தில் சூறைக்குருவிக் கூட்டம் வரவில்லை. ஒரு மாலை, புழுதிக் காற்றில், மைனாக் கூட்டத்துக்கு நடுவே ஏதோ இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பொறியும் ஐயம் என்றது. மைனாக்கள் தம்மோடு இருந்த பறவைகளின் குரலைப் பிடித்துக்கொள்ளும், தம் குஞ்சுகளுக்கும் கொடுக்கும். அது எனக்குத் தெரியும். ஆனாலும் 'வந்தது' என்றேன். அன்று அதை நம்பித்தான் சொன்னேன். இரண்டாம் ஆண்டு எதுவும் தெரியவில்லை. ஆனால் கை மரத்தில் இருந்தது. ஆறு குடிகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் தாத்தாவும் அப்பாவும் நின்ற இடத்தில் நின்றுகொண்டு என்னால் வேறு சொல்லைச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு ஆண்டுதோறும் சொன்னேன். அது பொய் என்பதை மறந்துவிட்டவனைப் போல நடந்துகொண்டேன்.

வாசிப்பு முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு நிறைமதி எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். என் மகள் மரகதம் மோர் கொண்டுவந்தாள். மரகதம் மேட்டுநகர்ப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள். அவள் அம்மா போன பிறகு, என்னைத் தனியே விட மனமில்லாமல் வேலையை விட்டு வந்தவள்.

"உங்ககிட்ட நேர்லதான் சொல்லணும்னு வச்சிருந்தேன் ஐயா" என்றாள் நிறைமதி. "ஆறு வருஷமா உலகத்துல வேற எங்கயுமே சூறைக்குருவி பதிவாகல. உங்க மரம் ஒண்ணுலதான்."

"அப்படியா?"

"வடக்க அதுங்களோட புல்வெளியில ஒரு காப்பகம் இருக்கு. கூண்டுல அறுபத்து மூணு பறவை. மிச்சம் அவ்வளவுதான். எல்லாம் கூண்டுலயே பொறந்ததுங்க, வழி தெரியாது. பெரிய பறவைங்க பின்னாடி பறந்துதான் இளசுங்க இந்த வழியக் கத்துக்கும். வெளியில ஒரு கூட்டம் இன்னும் போயிட்டு வந்துக்கிட்டிருந்தா, இதுங்களத் திறந்துவிடலாம். சேர்ந்துக்கும். அப்படி ஒரு கூட்டம் இல்லன்னா கூண்டுலயே வச்சுப் பெருக்கணும். அஞ்சு வருஷமா இதையேதான் விவாதிச்சிட்டிருந்தாங்க."

"இப்ப?"

"திறந்துவிடறதா முடிவாயிடுச்சு. ஆவணி பத்தாம் தேதி. உங்க பதிவ வச்சுத்தான் ஐயா. ஆறு வருஷம் விடாம வந்திருக்கே, கூட்டம் எங்கயோ பிழைச்சிருக்குன்னுதானே அர்த்தம். நீங்க வரலன்னு சொல்லியிருந்தா எங்க யாருக்கும் தைரியம் வந்திருக்காது."

மரகதம் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நல்ல காரியம்" என்றேன்.

நிறைமதியின் படகு போனதும் மரகதம் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நாலு வருஷமா பட்டாம்பூச்சி முட்டை எண்ண அந்த மரத்துக்குத் தினமும் போறேன். ஒரு சூறைக்குருவிகூட நான் பாக்கல."

"மைனாவோட கலந்திருக்கும்."

"நீங்க பாத்தீங்களா?"

காலி மோர்த் தம்ளரை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"சொல்லிடுங்கப்பா. இன்னைக்கே."

"இந்த வீட்டு ஆம்பளைங்க மரத்துல கை வச்சுச் சொன்னத இதுவரைக்கும் யாரும் திருப்பிக் கேட்டதில்ல."

"அதனாலதான் நம்பியிருக்காங்க."

"நீ வேணா போய்ச் சொல்லேன். சொல்லிட்டு அப்படியே மேட்டுநகர்ல இருந்துடு."

"நான் சொன்னா அது உங்களக் காட்டிக் கொடுக்கிறது. நீங்க சொன்னா அது திருத்திக்கிறது. நாள் இருக்கு. யோசிங்க" என்றாள். அதற்குப் பிறகு பல வாரங்கள் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சாப்பாடு வைத்தாள், துணி துவைத்தாள், மற்ற எல்லாம் பேசினாள். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆனி மாதத்தில் காப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஷோல்பான் என்று ஒரு பெண். என் வயதுக்குப் பத்துப் பன்னிரண்டு குறைவாக இருக்கும். காற்றில் வெடித்த கன்னங்கள். சுவரில் அவள் முகம் தெரிய, மொழிமாற்றி அவள் பேச்சைத் தமிழில் சொன்னது. கூண்டைக் காட்டினாள். அவ்வளவு ரோஜா நிறத்தை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"ஒவ்வொன்றையும் என் கையால் ஊட்டி வளர்த்தேன்" என்றாள். "அவை எங்கே போகப் போகின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை. உங்கள் மரத்துக்குக் கூட்டம் வரும்போது எப்படி இருக்கும்?"

சொன்னேன். காலை வெயில் ஏறும் நேரத்தில், உப்பளப் பக்கமிருந்து ஒரு புகை மாதிரி எழும்பி வரும். மரத்தில் இறங்கினால் இலை தெரியாது. ஆயிரம் வண்டிச்சக்கரம் எண்ணெயில்லாமல் சுற்றுகிற சத்தம். ஒரு மணி நேரத்தில் கிளை காலியாகும். கீழே மணலெல்லாம் சாறு கசிந்து சிவந்துகிடக்கும். கழுகு நிழல் பட்டால் மொத்தக் கூட்டமும் ஒரே துணியாக மடிந்து திரும்பும். எல்லாம் உண்மை. நான் பதினாறு வயதில் பார்த்தது. பிறகு வந்தவை சிறு கூட்டங்கள்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியாக வந்த கூட்டத்தில் எத்தனை இருந்தன?"

"முப்பது இருக்கும்" என்றேன்.

அதுவரை நான் சொன்னது ஒரு சொல். அன்று அதற்கு ஓர் எண்ணும் கொடுத்தேன். அழைப்பு முடிந்த பிறகும் அந்த எண் என்னோடு வந்தது. உகா மரத்தைப் பார்க்கப் போனால், முப்பது. கண்ணை மூடினால், முப்பது.

ஆடி கடைசிப் புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மரகதத்திடம் சொன்னேன். "சொல்லிடறேன்."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்பவே கூப்பிட்டுத் தரட்டுமா?"

"இதெல்லாம் போன்ல சொல்ற சங்கதியா? நேர்ல போய், நின்னு சொல்லணும். சனிக்கிழமை காலைல முதல் படகுல போறேன்."

"ஏன், நாளைக்குப் படகு இல்லையா?"

"வெள்ளிக்கிழமை முடியட்டும்."

ஆடி கடைசி வெள்ளி எங்கள் திட்டின் அம்மன் கோயில் விழா. மரகதம் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கடைசியா ஒரு தடவை தலையில கட்டிக்கணும். அவ்வளவுதானே?"

"ஆவணி பத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

"இருக்கு" என்றாள். சோற்றைப் பரிமாறினாள்.

வெள்ளிக்கிழமை நாள் முழுவதும் கோயிலில் இருந்தேன். அழைப்புக் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது வழக்கம். சாயங்காலம் பூசாரி பரிவட்டத்தை என் தலையில் கட்டினார். ஏழு குடிகளும் எழுந்து நின்றார்கள். முதல் தீபம் எனக்கு வந்தது. இதுதான் கடைசி என்று எனக்கு மட்டும் தெரியும். அதனால் நிமிர்ந்து, நன்றாக நின்று வாங்கிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிறைமதியின் அலுவலகத்துக்குள் நுழைந்தேன். அவள் எழுந்து ஓடி வந்தாள்.

"சேதி பாத்துட்டுத்தான் வந்தீங்களா ஐயா? சாயங்காலம் திறக்கப் போறாங்கன்னு நேத்து மத்தியானமே அனுப்பினேனே. திறந்துவிட்டுட்டாங்க. இந்த வருஷம் குளிர் காத்து முன்னாடியே திரும்பிடுச்சாம், காத்திருந்தா வழி கெட்டுடும்னு நேத்து சாயங்காலமே திறந்துட்டாங்க. அறுபத்து மூணும் நல்லா எழும்பிப் போயிடுச்சு."

நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். ஆறு ஆண்டுகளையும் சொன்னேன், முப்பது என்று சொன்னதையும் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஐயா" என்றாள். "நேத்து காலைல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நேத்து கோயில்ல இருந்தேன்" என்றேன்.

பறவைகளின் காலில் அரிசி அளவில் தடங்காட்டி கட்டியிருந்தார்கள். வரைபடத்தில் அறுபத்து மூன்று புள்ளிகள். மரகதம் அதைக் கூடத்துச் சுவரில் போட்டாள். நான் எடுக்கச் சொல்லவில்லை. முதல் பதினோரு நாள் அவை ஒரே ஏரியைச் சுற்றின, யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி. பிறகு நாலு திசையாகப் பிரிந்தன. ஒரு கூட்டம் மேற்கே பாலைவனத்துக்குள் போனது. ஒரு கூட்டம் பனிமலையில் ஏறியது. புரட்டாசி முடிவில் பத்தொன்பது புள்ளிகள் அசைந்தன. ஐப்பசியில் நான்கு. ஒன்று மட்டும் மலையைத் தாண்டி நம் நாட்டுக்குள், வடமேற்கு உப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரே இடத்தில் மூன்று நாள் இருந்தது.

"அங்கயும் முன்ன உகாக் காடு இருந்துச்சுப்பா" என்றாள் மரகதம். "சோலார் பண்ணைக்காக எடுத்துட்டாங்க. எல்லாம் ஒழிஞ்ச இடத்துல எதத் தேடுச்சோ." நான்காம் நாள் புள்ளி அணைந்தது.

ஷோல்பான் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'அன்று நீங்கள் சொன்னீர்களே, மரம் முழுவதும் ரோஜா நிறமாவது, அதாவது நடந்ததா?'

'நடந்தது. என் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதினேன். பதில் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்தவற்றிலேயே பெரியது அது. இனி அதை யாரிடம் சொன்னாலும் எடுபடாது.

பித்தளைப் பலகையை நானே கழற்றினேன். திருகாணிகள் உப்பில் இறுகிப் போயிருந்ததால் அரைநாள் பிடித்தது. சட்டம் எனக்குத் தண்டனை எதுவும் வைத்திருக்கவில்லை. மரத்துக்கு நாற்பது உயிர் வருகிறது. ஆகவே நாங்கள் கரையில் இருக்கலாம். உகா மரம் அந்த மாசியிலும் நிறையக் காய்த்தது. பழம் மரத்திலேயே வற்றி, மிச்சம் மணலில் உதிர்ந்து, நரிக்குப் போனது.

இந்த ஆண்டு வைகாசியில் நிறைமதி வந்தாள். விதியைத் திருத்தியிருந்தார்கள். ஐயம் என்று பொறி சொன்னால் அது இல்லை என்றே பதிவாகும். குடித்தலைவரைக் கேட்க வேண்டியதில்லை. ஏழு குடிகளுக்கும் அதே விதி. என் மரத்தடியில் நாற்பது என்று வாசித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த மரத்துக்கு நடந்தாள்.

குஞ்சிதபாதத்தின் பூவரசில் கடைசிக்கு முந்தின வரி. "புள்ளி ஆந்தை. ஐயம். இல்லை."

"இருக்கும்மா" என்றார் அவர். "அந்தப் பொந்துல மூணு குஞ்சு. ரெண்டு வாரமா தாய் ஆந்தை எலியக் கொண்டாந்து கொடுத்துக்கிட்டிருக்கு."

"பொறி கேட்டது குஞ்சுக் குரல் மட்டும், அது பொறியோட பட்டியல்ல இல்லைங்க. அதான் ஐயம்னு காட்டுது."

"பொறி கிடக்குது. நான் பாத்தேங்கறேன்ல."

"தெரியுதுங்க ஐயா. எழுத முடியாது. விதி மாறிடுச்சு."

அவர் யாரும் கேட்காமலே போய், வலது கையை மரத்தில் வைத்து, முறைப்படி, "வந்தது" என்றார்.

நிறைமதி தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வரியை வாசித்தாள். அவர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பொந்துக்குள் குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. ஏழு குடிகளுக்கும் அது நன்றாகக் கேட்டது. ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.